அமெரிக்க மெடிகெயாரில் இருக்கும் அம்மா, கொக்குவிலில் இருந்து வீடியோவில் டொக்டரோடு கதைக்கலாமா?

கொக்குவில் மகள் | 2025 டிசம்பர் 14

வணக்கம். நியூஜெர்சி, நியூயோர்க் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய எழுதுவதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. நியூஜெர்சியில் அண்ணா வீட்டில் இருக்கிறார். அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், அதனால் மெடிகெயார், அதுதான் முதியோருக்கான அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதி, கிடைத்தது. கிறீன் கார்ட்தான், பாஸ்போர்ட் இன்னும் இலங்கையுடையது. அப்பா போன பிறகு ஆள் அப்படியே ஒடுங்கிப் போனார். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது, காலையில் எழும்பினால் கட்டில் விளிம்பிலேயே மணிக்கணக்காக இருப்பார். 2023 இல் அண்ணா ஒரு மனநலக் கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டினார். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வுக் குளிசை கொடுத்தார்கள், அதோடு இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் ஓர் ஆலோசகரோடு கதைப்பது. நல்ல மாற்றம். ஒருநாள் தானாகவே எனக்கு அழைப்பெடுத்து, திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை என்று விசாரித்தார். அம்மா பழைய அம்மாவாகிறார் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

இப்போது புயல் மழை ஓய்ந்த கையோடு இங்கே வந்திருக்கிறார். அங்கே குளிர் முடியும் வரைக்கும், மார்ச் கடைசி மட்டும், யாழ்ப்பாணத்தில் என்னோடு கொக்குவிலில்.

அண்ணா சொல்கிறார், லப்டொப்பைத் திறந்து வழமை போலக் கதைக்கட்டும், எங்கே இருக்கிறார் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று. அங்கே பின்னேரம் இரண்டு மணி என்றால் இங்கே இரவு பன்னிரண்டரை. அது போகட்டும், நான் முழித்திருப்பேன். ஆனால் எனக்கு இது சரியாகப் படவில்லை. மெடிகெயார் இதற்குக் காசு கொடுக்குமா? பிறகு பிடித்துக்கொண்டால் அம்மாவின் காப்புறுதிக்கு ஏதும் வருமா?

இன்னொன்று. ஒக்டோபரில் அங்கே அரசாங்கம் முடங்கியபோது கிளினிக்கிலிருந்து ஒரு படிவம் வந்தது. மெடிகெயார் தராவிட்டால் நானே கட்டுகிறேன் என்று ஒப்பமிடச் சொல்லி. அம்மா பயத்தில் ஒப்பமிட்டுக் காசும் கட்டியிருக்கிறார். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் போக வேண்டும் என்றும் ஏதோ சொன்னார்களாம். அண்ணாதான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பவர். அவருக்கே அது முழுக்க விளங்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சும்மா ஒரு ஆள் | டிசம்பர் 14

வீ.பீ.என். போட்டு, அதுதான் இருக்கிற இடத்தை மறைக்கிற செயலி, அமெரிக்கா என்று காட்டுங்கோ அக்கா. பெரிய விஷயமே இல்லை. என்ர மச்சான் அப்படித்தான் கிரிக்கெட் பார்க்கிறவர்.


மானிப்பாய்–எடிசன் | டிசம்பர் 15

நான் மானிப்பாய். இங்கே நியூஜெர்சியில் ஒரு டொக்டர்மார் குழுவின் பில்லிங் பகுதியில் வேலை. நாள் முழுக்க இதே கூத்துத்தான், அதனால் சொல்கிறேன்.

முதலில் வீ.பீ.என். தம்பிக்கு. இது கிரிக்கெட் இல்லை. ஆள் எங்கே இருக்கிறார் என்று கொம்பியூட்டர் கண்டுபிடிப்பதில்லை, டொக்டரே வாய் திறந்து கேட்பார். "இப்போது எங்கே இருக்கிறீர்கள், விலாசம் என்ன" என்று அமர்வு தொடங்கும்போதே கேட்டுக் குறிப்பில் எழுதுவார்கள். நோயாளி இருக்கும் மாநிலத்தில் தொழில் செய்யும் அனுமதி டொக்டரிடம் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். கதைத்துக்கொண்டிருக்கும்போது ஆள் உயிருக்கு ஆபத்தான ஏதாவது சொன்னால் எந்த வாசலுக்கு அம்புலன்ஸ் அனுப்புவது என்பது அதைவிடப் பெரிய காரணம். அம்மா அண்ணாவின் விலாசத்தைச் சொல்லிவிட்டுக் கொக்குவிலில் இருந்து அழுதால், பொலிஸ் போய்த் தட்டுவது எடிசனிலோ எங்கேயோ இருக்கும் அண்ணாவின் கதவை.

மெடிகெயார் அமெரிக்காவுக்கு வெளியே கிடைக்கும் சேவைக்குக் காசு தராது. மிகச் சில அவசர விதிவிலக்குகள் உண்டு, அவை உங்களுக்குப் பொருந்தாது. வீடியோ என்பதால் இது மாறாது. பொய் இடம் சொல்லிப் பில் போனால் அது பொய்க் கோரிக்கை, முதலில் மாட்டுவது டொக்டர். ஆகவே அண்ணாவின் யோசனையை மரியாதையாகக் கைவிடுங்கள். வேண்டுமானால் கிளினிக்குக்கு உண்மையைச் சொல்லி, பில் போடாமல் இடையில் ஒருமுறை நலம் விசாரிக்க முடியுமா என்று கேட்கலாம். சிலர் செய்வார்கள், சிலர் தங்கள் தொழில் காப்புறுதியை நினைத்து மறுப்பார்கள். மறுத்தால் கோபிக்காதீர்கள்.

இனி அந்த ஆறு மாதக் கதை. கொவிட்டுக்கு முன்னர் மெடிகெயாரில் ரெலிஹெல்த் (வீடியோ, தொலைபேசி வழியாக டொக்டரைப் பார்ப்பது) என்றால் பெரும்பாலும் நோயாளி கிராமப்புறத்தில் இருக்க வேண்டும், அதிலும் வீட்டில் இல்லை, ஒரு வைத்திய நிலையத்தில் போய் இருந்துகொண்டுதான் திரையைப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பர் கடைசியில் கையெழுத்தான சட்டம் மனநலச் சேவைக்கு மட்டும் வீட்டில் இருந்தே கதைக்கலாம் என்று நிரந்தரமாக்கியது. ஆனால் அதோடு ஒரு முடிச்சும் போட்டார்கள். முதல் வீடியோ அமர்வுக்கு முந்திய 6 மாதத்துக்குள் ஒருமுறை நேரில் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறை நேரில். இந்த முடிச்சைக் கொங்கிரஸ் நடைமுறைக்கு விடாமல் தள்ளிக்கொண்டே வந்தது. 2024 டிசம்பர் 31 என்றார்கள், பிறகு 2025 மார்ச் 31, பிறகு செப்டெம்பர் 30. ஒக்டோபர் 1 அரசாங்கம் முடங்க, தள்ளிவைப்பும் காலாவதியானது. எங்கள் அலுவலகத்தில் அந்த நாட்களில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சில இடங்களில் பில்லைப் பிடித்து வைத்தார்கள், சில இடங்களில் உங்கள் அம்மாவுக்கு வந்தது போலப் படிவம் நீட்டினார்கள்.

நவம்பர் 12 கையெழுத்தான சட்டம் பழைய ஏற்பாட்டை 2026 ஜனவரி 30 வரை நீட்டியது. முக்கியம் என்னவென்றால், அது ஒக்டோபர் 1 இலிருந்தே செல்லும். எனவே அம்மா கட்டிய காசைத் திரும்பக் கேளுங்கள். மெடிகெயாருக்குப் பில் அனுப்பச் சொல்லி, அம்மாவின் பங்கான 20 வீதத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரச் சொல்லி அண்ணா எழுத்தில் கேட்கட்டும். தொலைபேசியில் கேட்டால் "பார்க்கிறோம்" என்பார்கள், அதோடு சரி.

ஜனவரி 30 க்குப் பிறகு நீட்டாமல் விட்டாலும் பதறத் தேவையில்லை. அம்மா 2023 இலேயே வீட்டிலிருந்து தொடங்கியவர். அப்படியானவர்களைப் பழைய நோயாளிகளாகவே எடுப்போம், முதல் 6 மாத விதி கேட்கமாட்டோம், 12 மாதத்துக்கு ஒரு நேர்ச் சந்திப்பு இருந்தால் போதும் என்று மெடிகெயாரை நடத்தும் அலுவலகம் சொல்லியிருக்கிறது. அந்தச் சந்திப்பையும் வழமையான டொக்டர் இல்லாத நேரம் அதே குழுவில் அதே துறையில் உள்ள இன்னொருவர் பார்க்கலாம். நேரில் வருவதால் நன்மையைவிடக் கஷ்டம் கூட என்று டொக்டரும் நோயாளியும் ஒத்துக்கொண்டு குறிப்பில் எழுதினால் அந்த வருடம் விலக்கும் உண்டு.

ஒன்று கட்டாயம் பாருங்கள். அம்மாவிடம் இருப்பது நேரடி மெடிகெயாரா, தனியார் கொம்பனி நடத்தும் அட்வான்டேஜ் திட்டமா? அட்வான்டேஜ் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அந்தப் பகுதியில் இல்லாவிட்டால் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். மார்ச்சில் திரும்பினால் பிரச்சினை இல்லை, டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீர்கள். மெடிகெயாரின் பீ பகுதிக் கட்டணம் (டொக்டரைப் பார்ப்பது போன்ற சேவைகளுக்கானது), 2025 இல் மாதம் 185 டொலர், 2026 ஜனவரியிலிருந்து 202.90, இங்கே இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும்.


மெல்பேர்ன் சிவா | டிசம்பர் 15

இங்கே அவுஸ்திரேலியாவிலும் மெடிகெயார் என்றுதான் பெயர், ஆள் வேறு. மனநலத் திட்டத்தில் வருடத்துக்கு 10 அமர்வு, வீடியோவிலும் எடுக்கலாம். ஆனால் கதைக்கிறவரும் கேட்கிறவரும் இரண்டு பேருமே அவுஸ்திரேலியாவுக்குள் இருக்க வேண்டும். என் மாமி நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது கேட்டுப் பார்த்தோம், முடியாது என்றுவிட்டார்கள். ஆகவே அமெரிக்காக்காரரை மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை.


ஓய்வுபெற்ற தாதி | டிசம்பர் 16

பிள்ளை, நான் மனநலப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். சட்டம் எல்லாம் மானிப்பாய்ப் பிள்ளை சொல்லிவிட்டார். நான் கேட்பது வேறு. வீட்டில் குளிசை எத்தனை நாளுக்கு இருக்கிறது?

செர்ட்ராலினைச் சடாரென்று நிறுத்தக் கூடாது. தலைச்சுற்று, எரிச்சல், நித்திரையில் பயங்கரக் கனவு, சிலருக்குத் தலைக்குள் கரண்ட் அடித்தது மாதிரி ஓர் உதறல். வீட்டுக்காரர் வருத்தம் திரும்பிவிட்டது என்று நினைப்பார்கள், உண்மையில் குளிசை முடிந்திருக்கும். ஆகவே இருப்பது முடிவதற்கு இரண்டு மூன்று கிழமை முன்னரே இங்கே ஒரு டொக்டரைப் பார்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இருக்கிறது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பகுதி இருக்கிறது. அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. அடையாள அட்டை கொண்டுபோங்கள், முதல் நாள் கிளினிக் கொப்பி போட்டுத் தருவார்கள். காலமை வெள்ளெனப் போகாவிட்டால் மத்தியானம் தாண்டும். அம்மாவால் இருக்க ஏலாது என்றால் தனியார் ஆஸ்பத்திரியில் பின்னேரம் சனல் பண்ணலாம், அதாவது காசு கட்டி நேரம் எடுத்துப் பார்க்கலாம். அமெரிக்க டொக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். என்ன வருத்தம், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கியது, முன்பு என்ன கொடுத்துச் சரிவரவில்லை. ஒரு பக்கம் போதும். அங்கத்தைய கடைப்பெயர் வேண்டாம், மருந்தின் சொந்தப் பெயரை எழுதச் சொல்லுங்கள். லேபல் ஒட்டிய போத்தலோடு குளிசையைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

இரவில் மனம் சரியில்லாமல் யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். இரண்டையும் அம்மாவின் போனில் போட்டு வையுங்கள்.

இப்போது, ஒருவரும் வாய் திறக்காத விஷயம். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா ஒரு தாய் மனநல ஆலோசகரோடு கதைக்கிறார்? பிள்ளை, கிளினிக்கில் நான் கண்டது இது. மகன் நிற்கும் வரைக்கும் "ஒன்றுமில்லை டொக்டர், நித்திரை மட்டும்தான் கொஞ்சம் குறைவு". மகனைத் துண்டைக் கொண்டுபோய் மருந்து எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டால், அதன் பிறகுதான் கதையே தொடங்கும். மகன் நல்லவராகவே இருக்கட்டும். நல்ல மகனுக்கு முன்னால்தான் தாய் இன்னும் கூட மறைப்பாள்.


கொக்குவில் மகள் | டிசம்பர் 18

எல்லாருக்கும் நன்றி. அண்ணாவுக்கு மானிப்பாய் அக்கா எழுதியதை அப்படியே அனுப்பினேன். வீ.பீ.என். யோசனையை அவரும் யோசித்து வைத்திருந்தாராம், இப்போது சத்தம் இல்லை. அட்வான்டேஜ் இல்லை, நேரடி மெடிகெயார்தான் என்று அட்டையைப் பார்த்துச் சொன்னார்.

தாதி அம்மா, குளிசை விஷயம் கேட்டீர்கள். போய்ப் பார்த்தால் அம்மா லேபல் போத்தல் எல்லாவற்றையும் அங்கேயே எறிந்துவிட்டு, குளிசைகளை ஒரு பழைய நெஸ்டமோல்ட் போத்தலுக்குள் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பிரஷர்க் குளிசையும் அதற்குள்தான். பெட்டிக்குள் இடம் மிச்சமாம். மேசையில் பேப்பரை விரித்துக் கொட்டி, நிறம் பார்த்துப் பிரித்து எண்ணினோம். ஜனவரி நடுப்பகுதி வரைக்கும்தான் காணும். டொக்டரிடம் கடிதம் கேட்டாயிற்று.

நீங்கள் கடைசியாக எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நேற்று முருங்கை இலை உருவிக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன், அண்ணா பக்கத்தில் இருந்தால் கதைக்க வசதியோ என்று. அம்மா உருவிய நெட்டியைச் சுளகில் போட்டுவிட்டு, "நான் ஐந்து நிமிடம் சொல்லுவன், அவன் அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பான். அதுக்குப் பிறகு அந்தப் பெண் சிரிப்பாள். நானும் சிரிப்பன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுடைய வீட்டில் இருந்துகொண்டு, அவனை வைத்தே அந்த வீட்டைப் பற்றி எப்படியடி சொல்லுறது" என்றார்.

அண்ணா மோசமானவர் இல்லை, அதை இங்கே எழுத வேண்டும். வேலைக்கு நேரத்தோடு சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் இருப்பவர். அதனால்தான் அம்மா இவ்வளவு நாளும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடமாகக் காப்புறுதி காசு கட்டியது இதற்குத்தானா? அங்கே தமிழ் தெரிந்த ஆள் ஒருவரை வைக்கச் சொல்லிக் கேட்க வழி இருக்கா? எவ்வளவு வரும்?


மானிப்பாய்–எடிசன் | டிசம்பர் 19

ஒரு சதமும் வராது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம், பில்லைப் பற்றிக் கேட்டதால் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்கக் காசு வாங்கும் வைத்திய நிலையம், ஆங்கிலம் சரியாக வராத நோயாளிக்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 2010 மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தின் 1557 ஆம் பிரிவு. மெடிகெயார் பீ பகுதியில் மட்டும் பில் போடுகிறவர்களும் இதற்குள் வருவார்கள் என்று 2024 விதி எழுதியே வைத்திருக்கிறது. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்று அவர்கள் கேட்கக் கூடாது. மகன்தான் வேண்டும் என்று நோயாளி விரும்பினால்கூட, மகன் இல்லாத இடத்தில், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அவர் வாயால் சொல்ல வேண்டும். ஆர் சொல்லித் தந்தார்கள் எங்கள் சனத்துக்கு? கிளினிக் கேட்காது, மகன் வந்து நின்றால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

அம்மாவின் கோப்பில் "தமிழ், மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று பதியச் சொல்லுங்கள். பெரும்பாலும் தொலைபேசி வழியாக மூன்றாம் ஆளாக இணைப்பார்கள், வீடியோவிலும் அப்படியே. தமிழ் உடனே கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிடைக்கும்.

அத்தோடு வீட்டில் காது இருக்கிறது என்றால், மனநல அமர்வுக்கு வீடு என்பதை மெடிகெயார் கொஞ்சம் அகலமாகவே பார்க்கிறது. தனிமைக்காக வீட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் போய் இருந்தாலும் வீட்டுக் கணக்கே. எங்கள் நோயாளி ஒருவர் காரை ஒழுங்கையில் நிறுத்திவிட்டு அதற்குள் இருந்துதான் கதைப்பார். வீடியோ கூச்சம் என்றால், அதை வேண்டாம் என்று சொல்லித் தொலைபேசியில் குரல் மட்டும் வைத்தும் கதைக்கலாம், அதற்கும் மெடிகெயார் தரும்.


சும்மா ஒரு ஆள் | டிசம்பர் 19

சரி சரி, வீ.பீ.என். கதையை வாபஸ் வாங்குகிறேன். அக்கா அந்த 1557 ஐ என்ர பெரியம்மாவுக்கும் அனுப்பிவிட்டேன், அவ டெக்சாஸ்.


கொக்குவில் மகள் | 2026 ஜனவரி 8

நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

கடிதம் வந்தது. திருவெம்பாவை முடிந்த கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வெள்ளெனப் போனோம். அம்மா சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தார், கொக்குவிலில் இருந்து ஆராவது கண்டால் என்ன சொல்லுவது என்று. வாங்கிலில் போய் இருந்தால் பக்கத்தில் எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டு அன்ரி. அவரும் கொப்பியோடு. இரண்டு பேரும் ஒரு நிமிடம் முழித்தார்கள். பிறகு அன்ரி, "இஞ்ச இரண்டாம் நம்பர் டொக்டர் நல்லாக் கேட்பார், அங்கே போங்கோ" என்றார். நம்பர் கூப்பிடும் வரைக்கும் இருவரும் சீமெந்து விலை கதைத்தார்கள். டொக்டர் கடிதத்தை வாசித்து, அதே அளவில் ஒரு மாதத்துக்கு எழுதினார். என்னை வெளியில் நிற்கச் சொன்னார். நின்றேன்.

அண்ணாவோடு கதைத்ததுதான் கஷ்டமாக இருந்தது. முதலில் "நான் என்ன, அம்மாவைப் பற்றி ஊருக்குச் சொல்லுவனா" என்று கோபித்தார். பிறகு மூன்று நாள் அழைப்பு இல்லை. இப்போது கோப்பில் பதியச் சொல்லிவிட்டாராம். காசு திரும்பக் கேட்டும் எழுதியிருக்கிறார், பதில் இன்னும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது புதுப் பயம். மொழிபெயர்க்கும் ஆள் யாழ்ப்பாணத்துப் பிள்ளையாக இருந்தால்? குரலை வைத்தே ஆர் வீட்டு ஆள் என்று பிடித்துவிடுமாம். இந்தியத் தமிழ் ஆளாகப் பார்த்துக் கேட்கலாமா?


மானிப்பாய்–எடிசன் | ஜனவரி 8

கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல ஏலாது. ஆனால் அவர்கள் தங்கள் பெயரைச் சொல்வதில்லை, பெரும்பாலும் ஓர் இலக்கம்தான் சொல்வார்கள். கேட்டதை வெளியில் சொன்னால் வேலை போகும். அம்மாவின் பெயரைக்கூட அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று கிளினிக்குக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண் குரல் வேண்டும் என்றும் கேட்கலாம், பலர் கேட்கிறார்கள்.

மார்ச் கடைசியில் இறங்கியதும் முதல் சந்திப்பை நேரில் போடச் சொல்லுங்கள். ஜனவரி 30 க்குப் பிறகு கொங்கிரஸ் என்ன செய்தாலும் அந்த ஒன்று 12 மாதத்துக்கு உதவும்.


கொக்குவில் மகள் | ஜனவரி 9

நேரில் ஏப்ரல் முதல் கிழமை, பெண் மொழிபெயர்ப்பாளர், அண்ணா வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரம். கூட்டிக்கொண்டு போவது மச்சாள். அவ வெளியில் இருப்பாவாம், அம்மாவே கேட்டு வாங்கிய சம்மதம் அது. லேபல் போத்தல்களை இனி எறியவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், அதற்கு மட்டும் தலையாட்டவில்லை.